மட்டக்குளி பஸ்ஸில் போன பை

கொழும்பு பஸ்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. நிற்கிறவரின் கையில் பை இருந்தால், இருக்கிறவர் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். கேட்டு வாங்குவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பையின் காதைப் பிடித்து ஒரு இழுவை, அவ்வளவுதான். பெயர் என்ன, ஊர் எது என்ற விசாரணை கிடையாது. இறங்குமிடம் வந்ததும் நாம் கையை நீட்ட, பை திரும்பி வரும். நன்றி சொன்னால், கேட்கக்கூடாததைக் கேட்டவர்கள் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள்.

இந்த வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. நான் முப்பது வருடம் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். தமிழில் சொன்ன பொய்யைச் சிங்களத்துக்கும், சிங்களத்தில் சொன்ன பொய்யைத் தமிழுக்கும் ஒரு சொல் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவன். சத்தியம் செய்துவிட்டுப் புளுகுகிறவர்களின் முகத்தை அவ்வளவு காலம் பக்கத்தில் நின்று பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவர் மடியை நீட்டும்போது யாருக்குத்தான் சந்தேகம் வராது? மனைவி இதை ஒரு நோய் என்றே வைத்திருந்தாள். “உங்களுக்கு உது வருத்தம்,” என்பாள்.

வருத்தமோ என்னவோ, அதற்கு ஒரு காரணமும் இருந்தது. பஸ்களில் குண்டு வெடித்த சண்டைக் காலத்தில் இந்தப் பை வாங்கும் வழக்கம் கொஞ்சம் படுத்துவிட்டது. தமிழன் முகத்தோடு, கையில் பையோடு பஸ்ஸில் ஏறினால், இருந்தவர்கள் பையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு தங்களுக்கும் பைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் என் பையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே இரண்டு இடியப்பப் பார்சலும் ஒரு குடையும் இருந்தன. அவருக்கு ஏமாற்றம் என்றுதான் எனக்குப் பட்டது. சண்டை முடிந்த பிறகு மடிகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. நான்தான் பையைக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல இப்போது என் முறை வந்திருந்தது. அதை நான் அனுபவித்தே சொன்னேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மனைவியின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த சிறிய தனியார் ஆஸ்பத்திரியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை டொக்டர் அதை வெட்டி எடுத்தார். அந்த இடத்தை மட்டும் விறைக்கப் பண்ணி வெட்டியதால் ஒரு மணி நேரத்தில் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். வெட்டியதை ஒரு சின்னப் போத்தலில், மருந்துத் தண்ணீரில் போட்டு, ஒரு ஃபோர்முடன் என் கையில் தந்தார்கள்.

“முழுசா எடுத்தாச்சு,” என்றார் டொக்டர். “இதைச் சோதிச்சால்தான் நல்லதோ கெட்டதோ எண்டு தெரியும். கொட்டாஞ்சேனை லேப்பில பன்னிரண்டு மணிக்கு முன்னம் குடுங்கோ. பத்திரம். இதை விட்டால் பார்க்க வேற ஒண்டும் இல்லை.”

அவர் நம்பியது அந்த ஆய்வுகூடத்தில் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ஒரு டொக்டர் அம்மாவின் கண்ணைத்தான். வேறு இடத்துக்கு அனுப்ப மாட்டார். அதனால் வெள்ளவத்தையில் எடுத்தது கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டியிருந்தது. கொண்டுபோக ஆள் இல்லை. நான்தான் ஆள்.

“ஓட்டோ ஒண்டு பிடிச்சுப் போங்கோ,” என்றாள் மனைவி, கட்டிலில் படுத்தபடி.

“ஓட்டோக்காரனுக்கு என்னைக் கண்டால் மீட்டர் வேலை செய்யாது. மட்டக்குளி பஸ் கொட்டாஞ்சேனைக்குள்ளாலதானே போகுது. உம்மட கடலைக்கு நான் பஸ்ஸில சீட் பிடிச்சுக் குடுக்கிறன்.”

கட்டியைக் ‘கடலை’ என்றுதான் நான் சொல்லி வந்தேன். கட்டி கண்ட நாளிலிருந்து பதினேழு நாள், வீட்டில் நான் பகிடி விடாத வேளை இல்லை. கடலை எப்படி இருக்கு, கடலைக்குத் தேத்தண்ணி வேணுமா என்று. அவள் சிரிப்பாள். அவளைத் தைரியமாக வைத்திருக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை. அன்றும் சிரித்தாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போத்தலையும் ஃபோர்மையும் நான் கோர்ட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோன பழைய நீலப் பையில் வைத்தேன். காலி வீதியில் பஸ் வந்தபோதே சனம் தொங்கிக்கொண்டுதான் வந்தது. பின்கதவால் ஏறினேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் மேலே கம்பியைப் பிடித்தேன். பம்பலப்பிட்டியில் பஸ் ஒரு பிரேக் அடித்ததில் பை போய்க் கம்பியில் மோதியது. எனக்கு உயிர் போய் வந்தது.

அப்போதுதான் அந்த இழுவை. ஓரத்து சீட்டில் இருந்த ஒரு பெண் பையின் காதைப் பிடித்திருந்தாள்.

“குடுங்க ஐயா. விழுந்துருவீங்க.”

மலைநாட்டுத் தமிழ். வீட்டு வேலைக்குப் போகிறவள் என்று உடுப்பில் தெரிந்தது. “இல்லை, பரவாயில்லை,” என்றேன். அவள் என் பதிலைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பை மடிக்குப் போய்விட்டது. போத்தல் இருக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ‘அம்மா, அதில் என் மனைவியின் மார்பிலிருந்து வெட்டியது இருக்கிறது, நிமிர்த்தி வையுங்கள்’ என்று ஒரு பஸ் நிறையச் சனத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது? “நிமிர்த்தி வச்சிருங்கோ, போத்தல்,” என்று மட்டும் சொன்னேன். அவள் ஏதோ ஊறுகாய்ப் போத்தலாக்கும் என்ற மாதிரித் தலையாட்டினாள்.

கொள்ளுப்பிட்டியில் இன்னும் சனம் ஏறியது. கண்டக்டர் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினான். “இஸ்ஸரஹட்ட யன்ன, அங்கிள், இஸ்ஸரஹட்ட!” முன்னுக்குப் போகச் சொல்லித்தான் இந்தச் சத்தம். முன்னுக்கு இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையைக் கொழும்பில் எந்தக் கண்டக்டரும் இன்றுவரை இழந்ததில்லை. ஒவ்வொரு தரிப்பிலும் நான் ஒவ்வொரு சீட்டாக முன்னே நகர்த்தப்பட்டேன். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். முதலில் அவள் தலை தெரிந்தது, பிறகு தோள்களுக்கு இடையில் ஒரு கொண்டை தெரிந்தது, பிறகு வெறும் முதுகுகள். புறக்கோட்டை வரும்போது நான் முன்கதவின் மிதிபலகையில் நின்றேன். பின்னால் இருந்தவள் வழியில் எங்காவது பையோடு இறங்கி ஓடமாட்டாள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மனதுக்குள் குறுக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது.

புறக்கோட்டையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு முன்கதவால் இறங்க வந்தாள். வழியை அடைத்துக்கொண்டு நின்றது நான்தான். சரி, இறங்கி வழிவிட்டேன். அவளுடைய ஒரு செருப்பு மிதிபலகையில் கழன்றது. குனிந்து எடுத்துக் கீழே வைத்தேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு மட்டுமல்ல, அந்த மாதத்திலேயே நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். நிமிர்ந்தபோது, நான் நின்ற இடத்தில் வேறு இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் ‘சரி, போ’ என்பதற்கு “ஹரி!” என்று தகரத்தில் ஒரு அடி அடித்தான். பஸ் போய்விட்டது.

எனக்கு உடனே பை ஞாபகம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் சிரிப்பில் ஒரு கணம் குளிர்ந்துபோய் நின்றேன். சே, நானும் நல்லவன்தான் என்று ஒரு நினைப்பு. பிறகுதான் என் இரண்டு கையும் சும்மா இருப்பது தெரிந்தது.

ஐயோ என்று கத்தினேனா என்று தெரியாது. ஓடினேன். அறுபத்திரண்டு வயதில் புறக்கோட்டையில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறவனுக்கு யாரும் வழிவிடுவதில்லை. மணி பத்தரை. இதை விட்டால் பார்க்க வேறொன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னது காதுக்குள் கேட்டது. இன்னொரு முறை வெட்டவும் அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அது நல்லதா கெட்டதா என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் ஒவ்வொரு நாளும் எழும்பி அதையே யோசித்துக்கொண்டு இருப்பாள், நான் எதிரில் இருந்து பகிடி விட்டுக்கொண்டு இருப்பேன். ஃபோனை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். அவளிடம் என்னவென்று சொல்வது?

கடைசியில் ஓட்டோதான். சாரதி ஒரு முஸ்லிம் இளந்தாரி.

“மட்டக்குளி பஸ் ஒண்டு இப்பதான் போனது. அதைப் பிடிக்க வேணும் தம்பி. என்ர பை அதுக்குள்ள.”

“பேக்ல சல்லி கில்லி ஈந்தா அங்கிள்?”

“இல்லை. என்ர மனுசியில வெட்டின துண்டு.”

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ஓட்டோ தானாகவே மெதுவாகியது. நான் அவசர அவசரமாக ஆஸ்பத்திரி, கட்டி, போத்தல் என்று முழுவதையும் சொன்னேன்.

“அல்லாவே!” என்றான். “அத ஏன் அங்கிள் பஸ்ல கொண்டு போற? ஒரு ஓட்டோ புடிச்சீக்கலாமே!”

அவன் அதற்குப் பிறகு ஓட்டிய ஓட்டத்தை எழுதினால் லைசன்ஸைப் பறித்துவிடுவார்கள். இரண்டு பஸ்ஸைப் பிடித்தோம், இரண்டும் வேறு பஸ்கள். ஒவ்வொரு முறையும் அவன் இறங்கி, ஏறி, சனத்திடம் நீலப் பை கேட்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு வந்தான். மட்டக்குளித் தரிப்பிடத்தில் எங்கள் பஸ் வெறுமையாக நின்றது. சாரதியின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு கண்டக்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

“ஆ, அங்கிள்!” என்று சிங்களத்தில் தொடங்கினான். “உங்கள் பையை வைத்திருந்த நோனா உங்களைத் தேடிக் கத்தோ கத்தென்று கத்தினார். பஸ்ஸை இரண்டு முறை நிற்பாட்டினேன். பையை என்னிடம் தாருங்கள், வைத்துக் கொடுக்கிறேன் என்றேன். மாட்டேன் என்று கொண்டு இறங்கிவிட்டார். கொட்டாஞ்சேனையில்.”

“கொண்டு இறங்கிவிட்டாரா?”

“ஓம், அங்கிள். நல்ல நோனா.”

நல்ல நோனாவாம், நல்ல அம்மாவாம்! எனக்கு வந்த கோபத்தில் அவனுடைய தேத்தண்ணியைத் தட்டிவிட்டிருப்பேன். நான் அப்போதே சொன்னேனே, யாரையும் நம்பக்கூடாது என்று. கண்டக்டரிடமே கொடுக்காமல் கொண்டு போயிருக்கிறாள் என்றால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? பையைத் திறந்து பார்ப்பாள், விற்க ஒன்றும் இல்லை என்றதும் போத்தலைச் சாக்கடைக் கானுக்குள் எறிவாள். என் சந்தேகம் சரியாகிவிட்டது, நான் நினைத்த உலகம்தான் உலகம் என்று நிரூபணமாகிவிட்டது. அந்த வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஓட்டோவுக்குள் இருந்து அழுதேன். சாரதி ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

ஆய்வுகூடத்துக்குப் போனது, தொலைந்த போத்தலுக்கு ஏதும் வழி உண்டா என்று கேட்கத்தான். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருந்தது. ஓட்டோக்காரன் மீட்டரைவிடக் கூடவே வாங்கினான். அவன் பட்ட பாட்டுக்கு அது நியாயம்தான். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை இருந்தது. மனைவியின் பெயரைச் சொல்லித் தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

“ஓ, நீங்கதான் அவவோட ஹஸ்பண்டா? அதெல்லாம் எப்பவோ குடுத்தாச்சு, அங்கிள். பத்தே முக்காலுக்கே வந்திட்டுது. உங்கட மச்சாள் கொண்டுவந்து தந்தா.”

“எந்த மச்சாள்?” என்று கேட்டிருப்பேன். நல்ல வேளை, அதற்குள் பிள்ளை பதிவுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டியது. கொண்டு வந்தவர் என்ற இடத்தில் கோணல் மாணலாக ஒரு தமிழ்க் கையெழுத்து. உறவு என்ற இடத்தில், ‘தங்கச்சி’.

“சொந்தக்காரர் கொண்டுவந்தால்தான் நாங்க எடுக்கலாம்,” என்று விளக்கியது பிள்ளை. “அவ பாவம், ஓடி வந்து மூச்சு வாங்கினா. ஃபோர்ம் இங்கிலீஷில எண்டு பக்கத்து ஃபார்மசியில வாசிக்கக் குடுத்து, இடத்தைக் கேட்டு வந்திருக்கிறா. போத்தல நெஞ்சோட புடிச்சிட்டு இருந்தா. நீங்க எங்க அங்கிள் போனீங்க, இப்படியான நாளில?”

நீதிமன்றத்தில் ஆயிரம் பொய்க்குத் துணை போன நான், அந்தத் ‘தங்கச்சி’க்கு மட்டும் ஆட்சேபணை எழுப்பவில்லை. பையை வாங்கிக்கொண்டேன். உள்ளே போத்தல் இருந்த இடத்தில் ஒரு கைலேஞ்சித் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. போத்தல் ஆடாமல் இருக்க அவள் சுற்றி வைத்தது.

“ஃபோர்மில இருந்த நம்பருக்குக் கோல் எடுத்து, அக்காவோடயும் கதைச்சிட்டுத்தான் போனா,” என்றது பிள்ளை. “அந்த பெஞ்சில இருந்து அரை மணி நேரம்.”

ஃபோர்மில் இருந்தது மனைவியின் நம்பர்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், வாசிக்கிறவர்களை அந்தரத்தில் விட எனக்கு மனமில்லை. கெட்டதுதான் வந்தது. ஆனால் ஆரம்பத்திலேயே பிடிபட்டது. பிறகு, சுற்றியிருந்த சதையையும் எடுக்க இன்னொரு வெட்டும், சில மாத மருந்தும். இப்போது தலைமயிர் திரும்ப முளைத்து, ஆளும் எழும்பி நடமாடி, நான் இதை எழுதுகிற மேசையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் போகிறாள். அந்தப் பெண்ணை நான் பிறகு காணவில்லை. கண்டாலும் அடையாளம் தெரியாது. நான் பார்த்தது பை இருந்த மடியைத்தான், முகத்தை அல்ல. மனைவியிடம் அவள் நம்பர் இருக்கிறது. கிழமைக்கு ஒருதரம் கதைக்கிறார்கள். என்னிடம் ஃபோனைத் தருவதில்லை.

ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போன கதை மிச்சம் இருக்கிறது. வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து இருந்தாள்.

“குடுத்தாச்சு,” என்றேன். பார்க்கப்போனால் அது பொய் இல்லை.

“சரியான சனமோ பஸ்ஸில?”

“ஓம். ஆனால் சுகமாப் போய்ச் சேர்ந்திட்டன்.”

“ம்ம். சேட்டெல்லாம் நனைஞ்சு போய்க் கிடக்கு. சுகமாப் போனபடியால் ஆக்கும்.”

நான் கதிரையில் இருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு விளங்கிவிட்டது.

“எனக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாமே,” என்றேன். “அங்க குடுத்தாச்சு எண்டு. நான் பைத்தியம் மாதிரி மட்டக்குளி வரைக்கும் ஓடினனான்.”

“நீங்கள் எடுப்பியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். எடுக்கேல்ல. சரி, கொஞ்சம் ஓடட்டும் எண்டு விட்டிட்டன்.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஒரு பகிடி விட்டிருப்பேன். அவளும் அதற்காகக் காத்திருந்தவள் மாதிரி இருந்தாள்.

“அரை மணி நேரம் என்ன கதைச்சனீர் அவவோட?”

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டாள். “முதலில போத்தலைப் பற்றித்தான் சொன்னா. பத்திரமாக் குடுத்திட்டன், ஐயாவ ஏசாதீங்க அக்கா, அவரு குழந்தைக்காரிக்கு எறங்கி வழி விட்டாராம், சனம் பாத்திச்சு எண்டு. பிறகு என்னட்ட கேட்டா, பயமா இருக்கா அக்கா எண்டு.”

அவள் போர்வையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பதினேழு நாளா ஒருத்தரும் என்னட்ட அதைக் கேக்கேல்லை. எனக்குப் பதில் சொல்ல வரேல்ல, அழுகைதான் வந்தது. அவவும் அழுதா. முகம் தெரியாத மனுசி, ஏன் அழுதாவோ.”

பதினேழு நாளும் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தவன் நான். சாப்பாடு கொடுத்தேன், ரிப்போர்ட்டுகளை அடுக்கி வைத்தேன், டொக்டர் சொன்ன ஆங்கிலத்தை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவளைச் சிரிக்க வைத்தேன். அவள் சிரித்தது எனக்காகத்தான் என்று அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் புரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

எழும்பிப் போய்க் கட்டிலில், வெட்டாத பக்கமாக அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

“பயமா இருக்கோ உமக்கு?”

“ஓம்,” என்றாள். “சரியான பயம். உங்களுக்கு?”

எனக்கும்தான் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.